வெள்ளிக்கிழமை உண்ணி

எலப்புள்ளியில் பங்குனி வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் நினைவு எது, கனவு எது என்று பிடிபடாது. முத்தாத்தாள் சீமைக் கிடாரியின் வயிற்றில் கன்னம் வைத்துக் கண்ணயர்ந்திருந்தாள். உள்ளே ஏழு மாதக் கன்று. கனவில் வாய்க்கால் கொள்ளாமல் சிவப்புத் தண்ணீர் ஓடியது. திடுக்கிட்டு விழித்தால் கொட்டிலிலும் அதே சிவப்பு. கிடாரியின் மூத்திரம் ரத்தம் கலந்த கருங்காப்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

பிள்ளையில்லாத வீடு. அவளுக்கு எல்லாமே அந்தக் கிடாரிதான். அது போனால் அவளும் பாதி போய்விடுவாள், இதில் மிகை ஒன்றும் இல்லை.

புருஷன் ஆறுமுகசாமி ஓடிப்போய் மாட்டு டாக்டர் சூசையப்பனைக் கூட்டிவந்தார். டாக்டர் கிடாரியின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டார். ஊசி போட்டார். பிறகு மடியோரம் விரலால் துழாவினார்.

"உண்ணிக் காய்ச்சல்ம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமி ரத்தத்துக்குள்ள பூந்து அணுவ ஒடைக்குது. ஒடஞ்சதுதான் சிவப்பா வெளிய போகுது. உண்ணி புடுங்கறதில்லையா?"

"தெனமும் ரெண்டு மாட்டுக்கும் புடுங்கி நெருப்புல போட்டுருவனுங்க. வெள்ளிக்கெழம மட்டும் ஆத்தாளுக்கு உகந்த நாளுங்களே, உசுரக் கொல்லமாட்டனுங்க. வேலியோரமா உட்டுருவனுங்க."

"கிடாரிக்குப் புல்லு எங்க அறுக்கறீங்க?"

ஆறுமுகசாமி வேலியைக் காட்டினார்.

"நீங்க விட்ட உண்ணி ஆயிரக்கணக்குல முட்ட போட்டிருக்கும். குஞ்சுங்க கிருமியோடவே பொரிஞ்சு புல்லு நுனியில ஏறி நிக்கும். நாட்டுமாட்டுக்கு அது பழக்கம். சீமை ரத்தம் தாங்காது."

பக்கத்தில் நாட்டுப்பசு செவலை ஒன்றும் நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டிருந்தது. கும்பிட்ட கையாலேயே கெடுத்தேனே என்று முத்தாத்தாள் வாய்விட்டு அழுதாள்.

இரண்டு நாள் கிடாரியை விட்டு அவள் நகரவில்லை. கண்ணை மூடினால் புல் நுனிதோறும் பொடிப்பொடியாக உயிர்கள் கால் தூக்கி நின்றன. அவளைத் தெரிந்தவை போல.

மூன்றாம் நாள் மூத்திரம் தெளிந்தது. கிடாரி தவிட்டுத் தண்ணீரில் மூக்கை வைத்தது. அதன் வயிற்றில் சாய்ந்தவளின் கன்னத்தில் உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. குளித்து விளக்கேற்றிவிட்டு வந்து செவலையின் காதடியைத் தடவினாள். ஆமணக்கு விதையாய்ப் பருத்த ஓர் உண்ணி, உள்ளங்கையில் மெல்லக் காலசைத்தது. அடுப்படியில் அதோடு வெகுநேரம் நின்றாள்.

"ஆத்தா, இன்னைக்கு ஒரு நாளு நீ கண்ண மூடிக்க."

நெருப்பில் அது பட்டென்று வெடித்தபோது, கண்ணை மூடிக்கொண்டது முத்தாத்தாள்தான்.