நிரோஷா வரைந்த உருவம்

நிரோஷா டெங்கு காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் கழித்து, அவள் படித்த ஓவியக் கல்லூரியின் ஆசிரியை மாலதி, அவள் கடைசியாக வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்தார். நிரோஷாவின் அம்மா அஞ்சலை அப்போதுதான் ஏரியிலிருந்து கரையேறியிருந்தாள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

பழுப்பு நிறத்துக்கு நடுவே இடுப்புவரை ஓர் உருவம். கண்ணும் மூக்கும் இல்லை. கைகள் கீழே கரைந்துபோயிருந்தன. வாய் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"வாய அடைச்சுட்டதால பேச முடியாம நிக்கிற பொண்ணுனு நாங்க நெனச்சோம்மா," என்றார் மாலதி. "கண்காட்சிக்கு வந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

அஞ்சலை அந்தக் கறுப்பை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அது பறி, டீச்சரம்மா. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள எறா தடவும்போது, புடிச்சத போடுற கூடைய பல்லாலதான் கவ்விக்குவோம். இது நான்தான்."

"உங்களப் பத்தி அவ எங்ககிட்ட பேசினதே இல்லம்மா."

"சின்னதுல பள்ளிக்கூடம் போவாம கரையில நின்னு என்னையே பாத்துகினு இருப்பா. வாயில பறி இருக்கும், திட்டக்கூட முடியாது. சேத்த அள்ளி அவமேல வீசி தொரத்துவேன். இன்னாடி பாக்குறனு ஒருநாளும் கேக்கல."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். மாலதியும் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அவர் படத்தை அஞ்சலையின் வீட்டில் வைக்க எழுந்தபோது அஞ்சலை தடுத்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. இத தெனம் பாத்தா என்னால ஏரியில எறங்க முடியாது."