கொடும்பாவிக்கு வைக்கோல் இல்லாத வருஷம்

எங்கள் ஊரில் யாரையும் பேசக் கூடாது என்று தடுத்ததே கிடையாது. பரளச்சிப் பக்கம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மழை பொய்த்தது. பறக்கிற காக்காய் பறந்தபடியே காய்ந்து சருகாக விழும், பொறுக்கி அடுப்பெரித்தோம். கொடும்பாவி இழுப்பதென்று ஊர் முடிவு செய்தது. வைக்கோலில் ஒரு பாவியைச் செய்து, பாடையில் கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழ, சுடுகாட்டில் எரித்தால் வானம் இரங்கும். ஆனால் வைக்கோலை மாடுகள் தின்றிருந்தன. மாடுகளும் செத்திருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்து ஞானையா வாத்தியார், இலக்கிய மன்றத்தில் பேச மதுரைக் காலேஜிலிருந்து ஜோதிலிங்கம் என்பவரை அழைத்திருந்தார். கொடும்பாவியால் மழை வராது என்பதுதான் பேச்சு. வரவே கூடாது என்றது பாதி ஊர். நாட்டாமை ராமசுப்பு அவர்களை அடக்கினார். வருகிறவர் இஷ்டம்போல் பேசட்டும், மேடையை மட்டும் ஊர் போடும் என்றார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடை பச்சை மூங்கில். அகலம் ஓராள் படுக்கிற அளவு. சுற்றிலும் பூ. ஜோதிலிங்கம் ஏறி நின்று, பாவிகளால் மழை நிற்பதில்லை என்று ஆரம்பித்தார். கைதட்டினோம். தட்டி முடித்ததும் இளவட்டங்கள் அவரைச் சாய்த்துக் கயிறு போட்டார்கள். வாயைக் கட்டவில்லை. வாக்குக் கொடுத்திருந்தோமே.

இழுபட்டுக்கொண்டே பேசினார். நல்ல பேச்சு. கடல், நீராவி, மேகம் எல்லாம் வந்தது. ஒப்பாரிக்கு வந்த செல்லக்கிளி, மாரடிப்பதை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். வாத்தியார்தான் குறுக்கே விழுந்து, விருந்தாளியை விட்டுவிடும்படி அழுதார்.

"அவுக பேசுறப்ப குறுக்க பேசாதீக வாத்தியாரே," என்றார் ராமசுப்பு.

சுடுகாட்டில் விறகுமேல் வைத்தார்கள். ராமசுப்பு பந்தத்தை வாங்கிக்கொண்டு, குனிந்து மரியாதையாகக் கேட்டார்.

"பேச்சு முடிஞ்சிருச்சுங்களா? பாக்கி இருந்தா சொல்லுங்க. இருக்கோம்."

ஜோதிலிங்கம் வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்," என்றார். "நீங்க இழுத்ததுக்கு வரும்யா. இப்ப வரும்."

வந்தது. துளி ஒவ்வொன்றும் தேங்காய்ப் பருமன். பந்தம் அணைந்தது; குண்டாறு கரை புரண்டது. அவரை அவிழ்த்து, மாலை போட்டு, பஸ் ஏற்றிவிட்டோம். அப்புறம் அவர் எங்கேயும் பேசவில்லை என்று கேள்வி.

மறு வருஷமும் பொய்த்தது. முறையாக அவரையே அழைத்தோம். வரவில்லை.

ஞானையா வாத்தியார் ஊரில்தான் இருந்தார். பேச்சு பாக்கி இருக்கிறதா என்று அவரிடமும் கேட்டோம். அந்தத் தடவை மழை மறுநாள்தான் வந்தது.