தையலுக்கு ரெண்டு இன்ச்

"பிடி, பிடி, விட்டுராதே!" என்று ஸ்டூல் மேலிருந்து டைலர் கத்தினார்.

கீழே நின்ற அவர் மனைவி அண்டாவை இரண்டு கைகளாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு போய் முன்னறையில் வைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். சமையலறை முக்கால்வாசி காலி. பரணிலிருந்து வரவேண்டியது இன்னும் நாலைந்து டப்பாக்கள்தான். நாளைக் காலை எட்டு மணிக்குக் கொத்தனார் வருகிறார். பின்சுவரை உடைத்து ஜன்னல் வைக்கப் போகிறார்கள்.

முப்பத்தோரு வருஷம்! ஒரு மனுஷி முப்பத்தோரு வருஷம் பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு சமைத்திருக்கிறாள் என்றால், அந்தச் சமையலறையைக் கட்டியவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டாமா? பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் கம்பி வேலி, வேலிக்குள்ளே பள்ளிக்கூட மைதானம். மணி அடித்ததும் பிள்ளைகள் போடும் கூச்சல் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். கூச்சல் மட்டும்தான் வரும். எந்தப் பிள்ளை விழுந்தது, எது சிரித்தது என்று பார்க்க வேண்டுமானால் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு யார் போவது?

டைலர் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் அவரிடம் இருந்த சங்கடம். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். சட்டை தைக்கக் கொடுத்தவர்களிடம் சொல்லும் அதே நாளைக்கு. பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன் முடியட்டும், நாளைக்கு. அப்படிப்பட்டவர் போன மாதம் திடீரென்று தானாகவே கொத்தனாரைக் கூட்டி வந்து நிறுத்தியபோது, அவள் அடுப்பை அணைக்கக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"ஏய், இங்க பாரு!" ஸ்டூல் மேல் இருந்தவர் பரணின் மூலைக்குள் கையை விட்டு எதையோ இழுத்தார். துருப்பிடித்த பெரிய கத்தரி.

இருவரும் அதையே பார்த்தார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன கத்தரி அது. டைலரின் தங்கைதான் கல்யாணமாகிப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சந்தேகப்பட்டு, ஒரு வார்த்தை அதிகமாகிப் போய், இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

"பரண்ல இது எப்படி வந்துச்சு?" என்றார் டைலர்.

"எனக்கென்ன தெரியும்?"

"பால் பாக்கெட் வெட்ட என் துணிக் கத்தரியை எடுத்திருக்கே. முனை மழுங்கிடுச்சு, திட்டுவேன்னு பயந்து ஒளிச்சு வெச்சிட்டே."

அவள் முகத்தைத் துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிரிப்பு வந்தது. "ஒரே ஒரு பாக்கெட்தான்" என்றாள்.

டைலர் ஸ்டூல் ஆட ஆடச் சிரித்தார். "அடிப்பாவி! என் தங்கச்சியைத் திருடியாக்கிட்டு இருபது வருஷமா கமுக்கமா இருந்திருக்கியே!"

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன், நாளைக்கு."

"அட, நாளைக்காம்! என் வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா?"

பதினோரு மணிக்குக் கொத்தனார் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். சுவரில் டைலர் சாக்கட்டியால் இரண்டு சதுரம் போட்டிருந்தார். உள்ளே ஒன்று, புள்ளி புள்ளியாக. அதைச் சுற்றி இரண்டு இன்ச் தள்ளி இன்னொன்று, அழுத்தமான கோடாக.

"என்ன டைலரே இது, எந்தக் கோட்டுல உடைக்க?"

"வெளிக்கோட்டுல வெட்டணும். புள்ளிக்கோடு தையல். சுத்தி ரெண்டு இன்ச் தையலுக்கு விட்டிருக்கேன்."

"சுவரு என்ன சட்டையா? பின்னால பிரிச்சு விடவா போறீங்க?"

"அண்ணே, முப்பத்தஞ்சு வருஷமா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத் தைக்கிறேன். தையலுக்கு விடாம வெட்ட எனக்குக் கை வராது."

கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே டீ கொடுத்தாள். காலையில் டைலர் தன்னை அளவெடுத்ததைச் சொன்னால் கொத்தனார் இன்னும் சிரிப்பார் என்று சொல்லாமல் விட்டாள். ஜன்னலின் அடிப்பக்கம் எந்த உயரத்தில் வரவேண்டும் என்று அவள் கேட்டதற்கு, அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அவளைச் சுவரோரம் நிறுத்தினார். "செருப்பைக் கழட்டு. கையை மடக்கு. டீயை வெச்சுக்கிட்டு முழங்கையை ஊனி வேடிக்கை பாக்கணும், அந்த மாதிரி நில்லு." தரையிலிருந்து முழங்கை வரை பிடித்து, "முப்பத்தெட்டரை" என்றார். அவள் பில் புக்கில் எழுதினாள். டெலிவரி தேதி என்ற இடத்தில் அவரே வாங்கி 'நாளை மறுநாள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர், கல்யாணமான புதிதில் ஒரு ரவிக்கைக்கு அவளை அளவெடுத்ததுதான், அதற்கப்புறம் இப்போதுதான். அளவு நோட்டில் அவள் பெயர் இருந்ததால் தேவைப்படவில்லை. ஆனாலும் அவளுக்கு டீ ஆற்றும்போதுகூட அந்த முப்பத்தெட்டரை இனித்தது.

மத்தியானம் கடையில் வாங்கி வந்த பொட்டலத்தைப் பாத்திரக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட்டார்கள். ஆசாரி நேற்றே கொண்டு வந்த ஜன்னல் சட்டம் முன்னறைச் சுவரில் சாய்ந்திருந்தது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. டைலர் சாப்பிட்டு முடித்து, "கொஞ்சம் சாயறேன்" என்று தையல் மெஷின் முன்னால் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மெஷின் பலகையில் தலை வைத்து அரை மணி நேரம் தூங்குவது அவருக்கு வழக்கம்.

அவள் காலியான சமையலறையைக் கூட்டினாள். காலி அறையில் தன் குரல் கணீரென்று கேட்பதே வேடிக்கையாக இருந்தது. அங்கிருந்தே சத்தம் போட்டுப் பேசினாள்.

"இந்தாங்க, சட்டத்துக்கு என்ன கலர் அடிக்கலாம்? நீலமா, பச்சையா?"

மூலையில் கிடந்த குப்பையை வாசல் பக்கம் தள்ளினாள்.

"ஆசாரிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். பச்சைன்னா சீக்கிரம் அழுக்குத் தெரியாது. நீலம்னா பார்க்க நல்லா இருக்கும். என்ன சொல்றீங்க?"

"உங்களைத்தான். காதுல என்ன பஞ்சா? நீலமா பச்சையா?"

துடைப்பத்தோடு வெளியே வந்தாள். அவர் பலகையில் தலை வைத்துப் படுத்திருந்தார். டேப் கழுத்தில் கிடந்தது. சாக்கட்டி கையிலிருந்து நழுவித் தரையில் இரண்டாக உடைந்திருந்தது. சாக்கட்டி விழுந்தால் தூக்கத்திலும் கண் விழிக்கிற மனுஷன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

மகன் வேலை பார்க்கும் ஊரிலிருந்து விடிவதற்குள் வந்து சேர்ந்தான். நாத்தனார் அதற்கும் முன்னால் வந்துவிட்டாள். பாத்திரம் பண்டமெல்லாம் முன்னறையில் கிடந்ததால் டைலரைப் படுக்கவைக்க இடம் பண்ணவே அரை மணி நேரமானது. யாரோ ஜன்னல் சட்டத்தின் மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள். அதை அவள் பார்த்தாள். எழுந்து போய்த் துண்டை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் தான் செய்தது உறைத்தது. சே, என்ன மனுஷி நான்! தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிற நேரத்திலும் சட்டம் ஈரமாகிவிடும் என்று நினைக்கத் தோன்றுகிறதே! நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள்.

நாத்தனார் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, எங்கண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"கத்தரி கிடைச்சிடுச்சு" என்றாள் இவள்.

"எது?"

"அந்தக் கத்தரிதான். பரண்ல இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். ரொம்பச் சிரிச்சாரு."

நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "இருபது வருஷமா?" என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது.

எட்டு மணிக்குச் சொன்னபடி கொத்தனார் வந்தார். சுத்தி, உளி போட்ட சாக்கு தோளில். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் நாற்காலிகளைப் பார்த்ததும் சாக்கை மெதுவாக இறக்கிப் படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். பத்து மணிக்கு எடுத்தபோது ஒரு பக்கம் தோள் கொடுத்ததும் அவர்தான். சாக்கை மறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அதை எடுக்க வந்தபோது மகன் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"வேலை இப்ப வேண்டாம் கொத்தனாரே. அம்மா என்கூட வர்றாங்க. இனிமே இங்க யாரு சமைக்கப் போறா? பின்னால எப்பவாவது பாத்துக்கலாம்" என்றான்.

"அதுக்கென்ன தம்பி, நாளைக்கு எப்ப வேணும்னாலும் சொல்லுங்க" என்று கொத்தனார் சாக்கைத் தோளில் போட்டார்.

"நாளைக்கா?"

உள்ளே இருந்து குரல் வந்தது. அவள் சமையலறை வாசலில் நின்றாள். பல்பு அவளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

"முப்பத்தோரு வருஷம் நாளைக்கு கேட்டாச்சு. அந்தச் சாக்கை உள்ளே கொண்டு வாங்க."

"அம்மா, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றான் மகன்.

"அவரு பில் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காருடா. டெலிவரி இன்னைக்கு." பில் புக்கை அவன் கையில் கொடுத்தாள். "வாழ்நாள்ல சொன்ன தேதிக்கு ஒண்ணாவது குடுத்தாருன்னு இருக்கட்டும். உன் வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லல. வந்து இருந்துட்டு என் ஜன்னலுக்குத் திரும்பி வருவேன்."

அவன் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் பெட்டியில் வைத்த பாத்திரத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினான்.

"எந்தக் கோடும்மா?" என்று கொத்தனார் கேட்டார்.

"வெளிக்கோடு. புள்ளிக்கோடு தையல்."

முதல் அடியில் பல்பு ஆடியது. நாலாவது அடியில் ஒரு செங்கல் சந்துப் பக்கம் விழுந்து, விரலளவு வெயில் தரைக்கு வந்தது. அவளுக்குக் கை கால் நிற்கவில்லை. "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று பக்கத்தில் நின்று சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தாள். கொத்தனார் தும்மினார், மகன் தும்மினான், அவள் மட்டும் தூசிக்குள்ளே நகராமல் நின்றாள். துவாரம் சதுரமானதும் முதல் ஆளாகப் போய் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. ரெண்டு இன்ச் தாழ்வாக இருந்தது.

"அளவு தப்பிடுச்சா?" என்றாள்.

கொத்தனார் மகனைக் கூப்பிட்டார். மகனும் அவருமாகச் சட்டத்தைத் தூக்கி வந்து துவாரத்துக்குள் வைத்தார்கள். உரசாமல், தொளதொளவென்று இல்லாமல் போய் உட்கார்ந்தது. சட்டத்தின் கட்டை நாலு பக்கமும் சரியாக இரண்டு இன்ச் கனம்.

"அடேயப்பா!" என்றார் கொத்தனார். "மனுஷன் ஆசாரியைக் கேட்டுக்கிட்டுத்தான் விட்டிருக்காரு. நான் பைத்தியக்காரன் மாதிரி சிரிச்சேன். இப்ப ஊனிப் பாருங்கம்மா."

அவள் செருப்பைக் கழற்றினாள். கையை மடக்கி ஊன்றினாள். பிடிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், அளவு கச்சிதம்.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. கூச்சல் இந்தத் தடவை முகங்களோடு வந்தது. ஓடி வந்த பிள்ளைகளில் ஒரு சிறுமி, நேற்றுவரை வெறும் சுவராக இருந்த இடத்தில் ஒரு அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுடைய யூனிஃபார்ம் பாவாடை துவைத்துத் துவைத்து வெளுத்துப் போயிருந்தது. போன வருஷத்து மடிப்பைப் பிரித்து விட்டிருந்தார்கள். மடிப்புக்குள் இருந்த இரண்டு இன்ச் மட்டும், கீழ்ஓரத்தில், வெயிலே படாத புது நீலமாக இருந்தது.

"ஆசாரிகிட்ட என்ன கலர்ம்மா சொல்லட்டும்?" என்று கொத்தனார் கேட்டார்.

அவள் முழங்கையை எடுக்காமலே வேலிப் பக்கம் விரல் நீட்டினாள்.

"அந்த நீலம்" என்றாள். "மேல இருக்கறது இல்ல. கீழ இருக்கு பாருங்க, அது."