மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

பறைமேளம் வாசலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் கஜானி பின்கதவால் இறங்கி ஆட்டோவில் ஏறினாள். விடியக் கண்ணை மூடிய அவளுடைய அப்பா கனகசிங்கம் முன்னறையில் வெள்ளை விரிப்பில் கிடந்தார். ஒன்பது மணிக்கு அவருக்குக் கோட்டு, நீதிமன்றத் தவணை.

செத்த ஆளுக்கு என்ன கோட்டு என்று சித்தப்பா தடுத்துப் பார்த்தார். அப்பாமேல் இருந்த பிடியாணையை நீக்குவிக்க இன்றைக்கு ஆளைக் கொண்டுவருவதாகச் சட்டத்தரணி நஸ்ஹா எழுதிக் கொடுத்திருந்தாள். சொல்ல ஒருவரும் போகாவிட்டால் இரண்டாம் முறையும் ஒளித்துவிட்டார் என்றுதான் எழுதுவார்கள். கஜானியால் அதைத் தாங்க முடியாது.

அதற்கும் மேலே ஒன்று அவளைக் குடைந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் தடைசெய்த தங்கூசி மீன்வலையோடு அப்பா வாவியில் பிடிபட்டார். வழக்குத் தவணை நாளில், அம்மா அன்னப்பூரணி அயன் பண்ணிக் கொடுத்த வெள்ளைச் சேட்டோடு அவர் பெரியகல்லாற்றில் பஸ் ஏறியதைக் கஜானியே கண்டாள். ஏறுமுன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டதையும் கண்டாள். பின்னேரம் திரும்பி வந்து, தன்னை ஒருவரும் கூப்பிடவில்லை, வழக்கை விட்டுவிட்டார்கள் போல என்றார். பத்து நாளில் பொலிஸ் பிடியாணையோடு வந்து நின்றது. ஊரே பார்த்தது.

"கோட்டுக்கெண்டு வெளிக்கிட்டு எந்தக் கள்ளுத் தவறணையில இரிந்த மனிசனோ" என்றாள் அம்மா. அதோடு சரி. சோறு போட்டாள், நோயில் விழுந்தபோது மருந்து கொடுத்தாள், முகம் பார்த்துப் பேசவில்லை. அப்பாவும் கடைசிவரை ஒரே பாட்டுத்தான்.

"நான் போனனான் புள்ள. கடைசி வாங்கில இரிந்தனான். என்னக் கூப்பிடல்ல."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பெயர் கூப்பிடாமல் கோட்டும் பிடியாணை போடாது. பிறகு எங்கேதான் ஓட்டை?

கஜானியும் போய்க் கோட்டில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். நஸ்ஹா முன்னால் மற்றச் சட்டத்தரணிகளோடு இருந்தாள். கூப்பிடுகிறவர் கதவடியில் நின்று ஒவ்வொரு பெயராக நீட்டி இழுத்தார்.

"வேலுப்பிள்ளை!"

கஜானி அசையவில்லை. அது அவளுடைய அப்பப்பாவின் பெயர். இருபது வருசத்துக்கு முன் போய்ச் சேர்ந்தவர். இந்தப் பக்கம் வேலுப்பிள்ளைகளுக்கா பஞ்சம். யாரோ பாவம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"வேலுப்பிள்ளை!"

நஸ்ஹா எழுந்து, பின்னால் திரும்பி இவளைத் தேடினாள். அப்போதுதான் கஜானிக்குப் பிடிபட்டது. அப்பாவின் முழுப்பெயர் வேலுப்பிள்ளை கனகசிங்கம். தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். எந்தக் கையோ வழக்குத் தாளில் அதைப் புரட்டிப் போட்டதால், தகப்பன் பெயரே ஆளின் பெயராகியிருக்கிறது. அப்பாவும் இதே வாங்கில் இருந்து, செத்துப்போன தன் தகப்பனின் பெயரை மூன்று தரம் கேட்டு, யாரோ பாவம் வரவில்லை என்றுதான் நினைத்திருப்பார்.

மூன்றாம் தரம் கூப்பிடுமுன் எழுந்து நின்றாள்.

"அவர்ர மகள் வந்திரிக்கன் ஐயா. அப்பா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டார்."

பிடியாணை எடுபட்டது. இறப்புப் பத்திரம் கொண்டுவர இன்னொரு தவணை கொடுத்தார்கள். பெயரைத் திருத்தும்படி நஸ்ஹா மறக்காமல் கேட்டாள்.

வீட்டில் பிரேதத்தை எடுப்பதற்கு இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டி, அந்த வெள்ளைச் சேட்டையே போட்டு, கழுத்துவரை பூட்டியிருந்தார்கள். கஜானி அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, அப்பா அண்டைக்குப் போயிரிக்கார். அவங்க கூப்பிட்டது அப்பப்பாட பேர."

அன்னப்பூரணி விளங்காமல் பார்த்தாள். கஜானி முழுவதையும் சொன்னாள். மேளச் சத்தத்தில் சிலதை இரண்டு தரம் சொல்லவேண்டி இருந்தது. நேரம் போகிறது என்றார் சித்தப்பா. அம்மா முன்னுக்கு நகர்ந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவருடைய கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

"இறுகுதா?" என்று அவரிடமே கேட்டாள்.