வெந்நீருக்கு மட்டும் அடங்கிய வாந்தி

தம்பி குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. கதவிடுக்கில் ஆவி கசிந்தது. அக்கா கதவைத் தட்டினாள்.

“டேய், குளிக்கிறியா, வெந்துக்கிட்டு இருக்கியா?”

ஓங்கரிக்கும் சத்தம்தான் பதிலாக வந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக், முப்பத்திரண்டு வயது. சலவைக்கடையில் இஸ்திரி போடும் அக்காவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தான். இந்த வருடத்தில் இது நான்காவது முறை. விடிந்ததும் குமட்டும், பிறகு வாந்தி. மூன்று நாள், நான்கு நாள் தண்ணீர்கூடத் தங்காது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் மேலே விழும் நேரம் மட்டும் அடங்கியிருக்கும். தோள் இரண்டும் சிவந்து கன்றிப்போயிருந்தன. முதல் மருத்துவர் அல்சர் என்றார். இரண்டாமவர் பித்தப்பையையே எடுத்துவிட்டார். பை போயிற்று, வாந்தி போகவில்லை.

இந்த முறை அக்கா அவனை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண் மருத்துவர் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“வெந்நீர்ல குளிச்சா கொஞ்சம் நல்லா இருக்கா?”

“அதை ஏன் கேக்குறீங்க, அங்கயே குடித்தனம் நடத்துறான்” என்றாள் அக்கா.

மருத்துவர் சிரிக்கவில்லை. “கஞ்சா பழக்கம் இருக்கா?”

தம்பி சுவரைப் பார்த்தான். “அக்கா, போய்த் தண்ணி வாங்கிட்டு வாயேன்.”

“வயித்துல சொட்டுத் தண்ணி நிக்காதவனுக்கு எதுக்குடா தண்ணி? கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

பதினெட்டு வயதிலிருந்து என்றான். தினம் ஐந்தாறு முறை. “ஆனா அதனால இருக்காது டாக்டர். குமட்டும்போது அதை இழுத்தாத்தான் அடங்குது.”

“முதல்ல அடக்கும். வருஷக்கணக்கா இழுத்தா, சிலருக்கு அதுவே வாந்தியைக் கொண்டுவரும். அடியோட நிறுத்தணும். குறைச்சுக்கிறேன்னு சொல்றது வேலைக்கு ஆகாது.”

அவன் சட்டைகளைத் தேய்க்கும்போதெல்லாம் அந்த வாடை அக்கா மூக்கில் ஏறியிருக்கிறது. மெஷின் எண்ணெய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி நிறுத்தினான். இரண்டு வாரம் தூக்கமில்லை, வேர்த்துக் கொட்டியது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். மூன்றாம் வாரம் தட்டில் வைத்ததைத் தின்றான். மூன்று மாதத்தில் எட்டு கிலோ ஏறியது. அதுவே வினையாயிற்று. பித்தப்பையை எடுத்ததால்தான் குணமாயிற்று, கஞ்சாவைக் குற்றம் சொன்ன டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஒரே ஒரு இழுப்பு என்று ஆரம்பித்தவன் பத்து நாளில் பழையபடி தினம் ஐந்தாறுக்கு வந்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பதினோரு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிக் கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். கூட இருந்தவர் ‘ஒல்லி’. ஆள் தூண் மாதிரி இருப்பார், அதனாலேயே அந்தப் பெயர். கூண்டு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தபோது தம்பி குனிந்து வாந்தி எடுத்தான். மறுபடி எடுத்தான். கண் செருகி, சுவர்ப்பக்கம் சாய்ந்தான். அந்தப் பக்கம்தான் கூண்டுக்கு ஈடாகத் தொங்கும் எடைக்கட்டைகள் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தன. ஒல்லி ஒரு கையால் அவன் பெல்ட்டைப் பற்றி இழுத்து, மறு கையால் நிறுத்தும் பொத்தானை அடித்தார். ஒரு சாண் இடைவெளியில் தலை தப்பியது.

உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் அடிபட்டிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அக்கா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“திட்டேன் அக்கா.”

“என்னன்னு திட்டுறது? எனக்கும் தெரியும்டா. கேட்டா வீட்டை விட்டுப் போயிடுவியோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

அவன் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வந்த அன்றே டூல் பையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். “நீயே தூக்கிப் போட்டுடு.”

“என் கையால வேண்டாம். நீ போடு.”

கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

ஏழு மாதமாகிறது. வாந்தி வரவில்லை. சிறுநீரகம் முழுதாகத் தேறுமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கம்பெனி அவனை லிஃப்ட் மேல் ஏற விடுவதில்லை. ஆபீஸில் உட்கார்ந்து புகார் போன்களை எடுக்கிறான்; கை சும்மா இருக்கும்போதுதான் ஆசை வருகிறது என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா நேராகவே கேட்கிறாள்: “இந்த வாரம் இழுத்தியா?”

“இல்ல.”

சில வாரம் பதில் உடனே வரும். சில வாரம் கொஞ்சம் தாமதமாகும். அவள் முகத்தைத் திருப்பாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.