ஒரே பத்திரிகை, இரண்டு கீபோர்டு

பாபநாசத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாப்பிள்ளை பெயரில் எழுத்துப் பிழை வந்தால்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். அழைப்பவர் பெயரை ஒரு வரி கீழே இறக்கினால் ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஹஃப்ஸாவின் டிடிபி கடைக்கு அன்று வந்து சேர்ந்ததும் அந்தச் சண்டைதான்.

மணப்பெண் வானதி, பள்ளியில் ஹஃப்ஸாவோடு ஒரே பெஞ்சு. இப்போது சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. அப்பா அமிர்தலிங்கம் அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அகிலாண்டம் குத்தகை நிலத்தில் நட்டும் களை பறித்தும் அவளைப் படிக்கவைத்தாள். ஆனால் பத்திரிகையில் அழைப்பவராக முதலில் வரவேண்டியது பெரியப்பா நாகநாதனா, சித்தப்பா கோவிந்தராசுவா என்பதுதான் வழக்கு. அம்மா பெயர் எங்கே என்று வானதி கேட்டதற்கு, "புருஷன் இல்லாதவ பேரு நல்ல காரியத்துல எதுக்கும்மா?" என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத அண்ணன் தம்பி! அதைக் கேள்விப்பட்டதிலிருந்து ஹஃப்ஸா முழுக்க வானதி பக்கம்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். முன்னால் இருப்பது பழசு. பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருப்பது அவள் கணவன் மூஸா ஷார்ஜாவிலிருந்து தூக்கிவந்தது. போன தீபாவளி லீவில் வானதிதான் இரண்டுக்கும் வயர் இழுத்து, தட்டச்சு செய்ய ஒரு எடிட்டரையும் போட்டுக்கொடுத்தாள். அது திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் ஹஃப்ஸா காலையில் முன் மெஷினில் ஒருமுறை திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள். பின்னால் இருப்பவர் கிளையன்ட் என்ற சின்ன புரோகிராமைத் தட்டினால் போதும். அது புதிதாக எதையும் திறக்காது. முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் அதே எடிட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே அடிப்பது அங்கே தெரியும், அங்கே அழிப்பது இங்கேயும் அழியும். ஒரே சோற்றுப் பானைக்கு இரண்டு கரண்டி.

பெரியவர்கள் வருவதற்கு முன்பே வானதி கொல்லைப்பக்கமாக வந்து தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். "நீ மூஞ்சிய மட்டும் இறுக்கமா வச்சுக்கடி" என்பதுதான் ஹஃப்ஸாவுக்கு அவள் இட்ட ஒரே கட்டளை.

நாகநாதன் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். "எம் பேரு மொதல்ல. அடிம்மா."

"மண்டபத்துக்கும் சமையலுக்கும் நாயா அலைஞ்சது நானு" என்றார் கோவிந்தராசு. "எம் பேர மேல ஏத்தும்மா."

ஹஃப்ஸா ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். திடீரென்று இரண்டு பெயர்களுக்கும் மேலே, எழுத்து எழுத்தாக, 'திருமதி அகிலாண்டம் அமிர்தலிங்கம்' என்று வந்து நின்றது. ஹஃப்ஸாவின் கைகள் மடியில் இருந்தன.

"என்னம்மா இது?"

"தெரியலைங்கய்யா."

"அழி."

அழித்தாள். மறுபடி வந்தது, இந்த முறை இருபுறமும் நட்சத்திரம் வைத்துக்கொண்டு. கோவிந்தராசு பொறுமையிழந்து தானே அழிக்கும் பட்டனை அமுக்கினார். பெயர் போயிற்று. அடுத்த நொடி அண்ணன் பெயரும் தம்பி பெயரும் சேர்ந்து காணாமல் போய், அகிலாண்டம் மட்டும் தனியாக, சவுகரியமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். ஹஃப்ஸா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்து இருமினாள்.

"வைரஸுண்ணே" என்றார் கோவிந்தராசு.

"மூடு மொதல்ல. மூடிட்டுப் புதுசா தொற!"

ஹஃப்ஸாவுக்கு வேறு வழியில்லை. மூடும் கட்டளையைக் கொடுத்தாள். எடிட்டர் மூடவில்லை, அடியில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கேள்வியை அவளும் மறந்திருந்தாள், வானதியும் மறந்திருந்தாள்.

"இங்கிலீஷ்ல என்னமோ கேக்குதே, என்னம்மா?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வரவில்லை. "இன்னொருத்தரும் இதுல சேர்ந்திருக்காங்களாம். அவங்க வேல இன்னும் முடியலையாம். இருந்தாலும் மூடிடலாமான்னு கேக்குதுங்கய்யா."

"இன்னொருத்தரா? யாரு?"

தடுப்புக்குப் பின்னாலிருந்து வானதி எழுந்து வந்தாள். "நாந்தான் பெரியப்பா."

நாகநாதனின் முகம் கறுத்தது. "வெளையாட்டா இது? ஊரு என்ன சொல்லும்?"

"எங்கம்மா வருஷாவருஷம் முழங்கால் சேத்துல நின்னு நட்டத ஊரு பாத்துச்சுல்ல, இதையும் பாக்கட்டும்." வானதியின் குரல் உடைந்தது. ஹஃப்ஸாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. "அம்மா பேரு மொதல்ல இல்லாத பத்திரிகை எனக்கு வேணாம். பத்திரிகையே இல்லாம தாலி கட்டிக்கிறேன்."

வானதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு பழைய குறும்பு திரும்பி வந்துவிட்டது.

"உங்க சண்டைய நான் நிறுத்தச் சொல்லல பெரியப்பா. தாராளமா போடுங்க. ரெண்டாவது எடம் காலியாத்தான இருக்கு?"

நாகநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹஃப்ஸா சத்தமில்லாமல், மூட வேண்டாம் என்று பதில் தட்டினாள்.

கோவிந்தராசு நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்ப ரெண்டாவது எம் பேரு."

"அதெப்படிடா? மூத்தவன் நான் இருக்கேன்!" என்று எகிறினார் நாகநாதன்.