ராணியின் உச்ச ஸ்வரம்

சிட்டு இன்று எப்படியாவது மோசமாகப் பாடியாக வேண்டும்.

சிரிக்காதீர்கள், பாவம் அவள். சோப்ரானோ என்கிற உச்சக் குரலுக்காக, வயசுப் பிள்ளைகள் ஊர் சுற்றும் காலமெல்லாம் அடிவயிற்றில் மூச்சைப் பிடிக்கவும் தாடையைத் தளர்த்தவும் படித்தவள். இசை நாடகத்தில் முதல் வேலையே கோபக்கார ராணி வேஷம். இரண்டே பாட்டு. இரண்டாவதில் ஒரு ஸ்வரம் கூரையைத் தொட்டுவிட்டு வரும். அதைத் தொடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று பிடித்த பிடிதான்! எந்த அரங்கம் கூப்பிட்டாலும் ராணி. பாடிவிட்டு ஒப்பனை அறைக்குள் போனால், மிச்ச நாடகம் சுவர் ஸ்பீக்கரில்தான். கதாநாயகி அங்கே காதலிப்பாள், அழுவாள், சாவாள். சிட்டு இங்கே மை அழிப்பாள். இத்தனைக்கும் குரல் இப்போது கனத்து, கதாநாயகிக்கென்றே பழுத்திருந்தது. கேட்கத்தான் நாதியில்லை.

இன்று பெரிய அரங்கில் குரல் தேர்வு. பியானோ வாசிக்க அக்கா.

"கடைசியில ராணியையும் கேப்பாங்க, பாரேன்."

"கேக்கட்டும். உச்சியில குரலை உடைச்சிடறேன். ராணிக்கு லாயக்கில்லன்னா கதாநாயகிக்குத்தானே எடுக்கணும்?"

"அடி கெட்டிக்காரி! எதுக்குமே எடுக்கலன்னா?"

"நீ பேசாம வாசிக்கா."

சிட்டு கதாநாயகியின் பாட்டை உருகிப் பாடினாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அருமைம்மா. அந்த ராணியையும் ஒருவாட்டி கேட்டுடலாமே?"

அக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். படிப்படியாக ஏறி உச்சி வந்தது. தொண்டையை இறுக்கு என்று மனசு சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அடிவயிறு தானாக மூச்சைப் பிடித்துக்கொண்டது, தாடை தளர்ந்தது. ஸ்வரம் பொட்டுப் பிசிறில்லாமல் மேலே போய் நின்றது.

இயக்குநர் எழுந்தே விட்டார். "நீங்கதாம்மா எங்க ராணி!"

"கதாநாயகி...?"

"அதுக்கு வரிசையில நிக்கிறாங்கம்மா. இதுக்குத்தான் ஆளே இல்ல."

அக்கா காதோரம் குனிந்தாள். "உடைக்கிறேன்னியே?"

"உடைய மாட்டேங்குதுக்கா."

"வேணாம்னு சொல்லிடேன்டி."

"சொன்னா, அப்புறம் யாரு கூப்பிடுவா?"

அதற்குள் உடை தைக்கிற அம்மா அளவு டேப்போடு வந்துவிட்டாள். அவள் சொல்வதற்கு முன்பே சிட்டு இரண்டு கையையும் தூக்கி நின்றாள்.